தபாலில் வந்த கம்ப்யூட்டர்

ராயபுரம் என்று சொன்னால் போதும், சரித்திரம் தெரிந்தவர்கள் உடனே ரயில் நிலையத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. திருவொற்றியூர் என்றால் தியாகராஜ சுவாமி கோயிலும் பட்டினத்தார் சமாதியும். எண்ணூர் என்றால் லேலண்டும் அனல்மின் நிலையமும். இவற்றைப் பற்றியெல்லாம் எழுத நம் சங்கத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். மலர்க் குழுவினர் என்னிடம் "ஏதாவது ஒரு சரித்திரக் கட்டுரை கொடுங்க சார்" என்று கேட்டபோது, யாரும் எழுதாத ஒரு சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. நம்மில் பலர் வேலையை விடாமல், வீட்டை விட்டு நகராமல், தபாலில் கம்ப்யூட்டர் படித்தோமே, அந்தக் கதை.

சிரிக்காதீர்கள். அந்தத் தபால் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியில் இந்த ஊரில் எத்தனையோ பேருடைய பிரமோஷன், பென்ஷன், ஏன், பெண் பார்க்கப் போன இடத்து மரியாதைகூட அடங்கியிருந்தது. இந்தக் கேள்விக்குச் சுப்ரீம் கோர்ட் வரை போய்த்தான் பதில் வாங்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தபால் படிப்பு நமக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் தலை வந்த 1840ஆம் ஆண்டிலேயே ஐசக் பிட்மன் என்பவர் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மாணவர்கள் கார்டில் எழுதி அனுப்புவார்கள், அவர் திருத்தி அனுப்புவார். அதே பிட்மன்தான்! ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் நாம் கோடு கோடாய் இழுத்துப் படித்த அந்தப் பிட்மன். லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே நேரில் வராத மாணவர்களுக்கும் பட்டம் கொடுக்க வழி செய்தது. அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். "வெளிவாரிப் பட்டம்" என்று அழகான தமிழ்ச் சொல்லே அங்கே புழக்கத்தில் உண்டு. பிற்காலத்தில் அதே லண்டன் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டிங்கும் இன்பர்மேஷன் சிஸ்டம்ஸும் சேர்ந்த ஒரு பட்டத்தை வெளிவாரியாக வைத்தபோது கொழும்பில் அதற்கு நல்ல வரவேற்பு.

இந்தியாவில் 1962ல் டில்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971லும், அண்ணாமலை 1979லும், நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1981லும் அஞ்சல்வழிக் கல்வியில் இறங்கின. 1985ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆக, நம் தலைமுறை படித்து முடித்து வேலையில் உட்கார்ந்த நேரத்தில் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன.

ஏன் அவ்வளவு பேர் அந்தக் கதவைத் தட்டினோம் என்றால், அதற்கு நம் வடசென்னையைத் தெரிந்திருக்க வேண்டும். 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்த எம்.ஆர்.எப்., 1948ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் வந்த லேலண்ட், 1954ல் கார்போரண்டம், 1955ல் என்பீல்டு, 1960களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம் (2017ல் மூடிவிட்டார்கள்). இப்படி வரிசையாக வந்த தொழிற்சாலைகளில் பாலிடெக்னிக் டிப்ளமா படித்தவர்களுக்கும் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் வேலை கிடைத்தது. பி.காம்., பி.எஸ்ஸி. படித்த நம்மைப் போன்றவர்களுக்கு டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், துறைமுகம், தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்சிகள். வேலை இருந்தது, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் ஒரு படிக்கு மேல் ஏற முடியாது. டிப்ளமாக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நேற்று வந்த பி.ஈ. பையனுக்கு "சார்" போட வேண்டும். பி.காம். கிளார்க் கடைசி வரை சீனியர் கிளார்க்.

கிண்டியில் மாலை நேர பி.ஈ. இருந்தது, வாஸ்தவம். ஆனால் எண்ணூரில் ஷிப்டு முடித்து, கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, மறுபடி பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் வகுப்பே முடிந்துவிடும். அதனால் டிப்ளமாக்காரர்கள் ஏ.எம்.ஐ.இ. எழுதினார்கள். 1920ல் ஆரம்பித்த இன்ஜினியர்ஸ் இன்ஸ்டிட்யூஷன் நடத்திய பரீட்சை அது. கல்லூரி கிடையாது, வகுப்பு கிடையாது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று வீட்டில் படித்துப் பாஸ் செய்ய வேண்டியதுதான். நைட் ஷிப்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கணக்குப் போட்டுப் படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பலர் பாதியில் விட்டார்கள். முடித்தவர்களை ஊரே மதித்தது.

இருக்கிற படிப்பின் மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றி, அதை முழுப் பட்டமாக்குவதை இப்போது "டாப்-அப்" என்கிறார்கள். செல்போனுக்குப் போடுவது மாதிரி. அப்போது எங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. "லேட்டரல் என்ட்ரி" என்போம். பி.காமுக்கு மேல் ஒரு வருஷம் தபாலில் பி.ஜி.டி.சி.ஏ. முடித்தால், சில பல்கலைக்கழகங்களில் எம்.சி.ஏ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான்.

கம்ப்யூட்டர் நம் பக்கம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1973ல் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வந்தபோது அது வேறு உலகம், வேலிக்கு அந்தப் பக்கம் மான்களோடு இருந்தது. 1978ல் ஐ.பி.எம். கம்பெனியே இந்தியாவை விட்டுப் போனது. நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே முதலில் பயமாகத்தான் வந்தது: "மிஷின் வந்தா ஆள் குறைப்புதான்!" அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. 1918ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக உருவான மண் இது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. வங்கிகளில் 1983ல் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மிஷின்கள் நுழைய முடிந்தது. சி. ரங்கராஜன் தலைமையில் 1984லும் 1989லும் இரண்டு கமிட்டிகள் அறிக்கை கொடுத்தன. தொழிற்சாலைகளில் முதலில் கம்ப்யூட்டருக்குப் போனது சம்பளப் பட்டியல். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, சம்பளம் ஒழுங்காக வந்தால் சரி.

துறைமுகத்தில்தான் உண்மையான மாற்றம். 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையத்தைத் திறந்தார்கள். அதுவரை மூட்டை, பேல், பெட்டி, டிரம் என்று தனித்தனியாக இறங்கும். டாலி கிளார்க் கப்பல் ஓரத்தில் நின்று கோடு போட்டு எண்ணுவார்; நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. கன்டெய்னர் வந்தபின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரும்புப் பெட்டி, மேலே ஒரு நம்பர், கூடவே ஒரு காகிதம். அந்தப் பெட்டி யார்டில் எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் பெட்டி இருந்தும் இல்லாத மாதிரி. பார்ட்டி வந்து கத்துவார், டெமரேஜ் ஏறும். ஆக, சரக்கைவிட சரக்கைப் பற்றிய தகவல் முக்கியமாகிவிட்டது. பின்னால் எனக்குப் பாடப் புத்தகத்தில் "இன்பர்மேஷன் சிஸ்டம் என்றால் என்ன" என்று இரண்டு பக்கம் விளக்கம் வந்தது. துறைமுக மூன்றாம் நம்பர் கேட்டில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கு அந்த இரண்டு பக்கம் தேவையே இல்லை.

அந்தக் கன்டெய்னர் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் போட்டு ஏழாவதாக ஓர் எண். அது வரிசை எண் அல்ல. மற்ற பத்தையும் சரிபார்க்கும் எண். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு: முதல் எழுத்தான "ஏ"வுக்கு 10, அடுத்த "பி"க்கு 12, இப்படியே போகும். 11, 22, 33 மட்டும் விட்டுவிடுவார்கள். முதல் இடத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், அடுத்ததை நான்கால் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் மீதி வருவதுதான் ஏழாவது எண் (மீதி 10 வந்தால் 0 போடுவார்கள்). யாராவது 54 என்பதை அவசரத்தில் 45 என்று எழுதிவிட்டால் கணக்கு உதைக்கும், தப்பு உடனே தெரிந்துவிடும். எட்டு வருஷம் அந்த நம்பர்களைக் காப்பி அடித்து எழுதிய எனக்கு இந்த ரகசியம் தெரியாது. தபாலில் வந்த பாடத்தில் "செக் டிஜிட்" என்று ஒரு சின்னப் பகுதியைப் படித்த இரவுதான் புரிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பழைய பில் ஆப் என்ட்ரி நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு விடியும் வரை பெருக்கிப் பார்த்தேன். என் மனைவி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

பாடப் பார்சல் வருகிற நாள் வீட்டில் விசேஷம் மாதிரி. பழுப்புக் காகிதம், சணல் கயிறு, உள்ளே பத்துப் பன்னிரண்டு புத்தகம். எல்லாம் ஆங்கிலம். கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து வந்த நம்மில் பெரும்பாலோருக்கு முதல் எதிரி கம்ப்யூட்டர் அல்ல, அந்த ஆங்கிலம்தான். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். 1984 சுதந்திர தினத்திலிருந்து தூர்தர்ஷனில் யு.ஜி.சி. கல்வி ஒளிபரப்பு இருந்தது. 1991லிருந்து திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடங்களும் வந்தன. ஆனால் அது ஒளிபரப்பாகிற நேரத்தில் நாம் டூட்டியில் இருப்போம்.

பிராக்டிகல் கதை இன்னும் வேடிக்கை. கோபால், டிபேஸ், பேசிக் எல்லாம் படிக்க வேண்டும், தொட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புக்குப் போனால் ஒரு மிஷினுக்கு ஆறு பேர். ஒருவர் தட்டுவார், ஐந்து பேர் எட்டிப் பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி, ஏ.சி. வேறு. மிச்சத்துக்கு, பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளே பாதி இடத்தைத் தடுத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறியிருந்தன. அங்கே மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார வேண்டும். புரோகிராமை வீட்டில் நோட்டில் முழுக்க எழுதி, மனசிலேயே ஓட்டிப் பார்த்து, தப்பெல்லாம் திருத்தி, பிறகு போய் அடிப்போம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இந்தக் கஷ்டத்தில் ஒரு லாபம் இருந்தது: காசு கொடுத்துத் தப்பு பண்ண முடியாது என்பதால் யோசித்துவிட்டுத்தான் கை வைப்போம். ஆனால் குறையைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும். நெட்வொர்க் என்ற பாடத்தில் எனக்கு நல்ல மார்க். இரண்டு கம்ப்யூட்டரைக் கம்பி போட்டு இணைத்ததை நான் கண்ணால் பார்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

1990ல் மத்திய மின்னணுத் துறையும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து கொண்டுவந்த டோயெக் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "ஓ", "ஏ", "பி", "சி" என்று நான்கு படி. தனியார் சென்டரில் படித்தாலும் சரி, தானாகப் படித்தாலும் சரி, பரீட்சை மட்டும் அகில இந்தியாவுக்கும் ஒன்று. அதில் "பி" படியை எம்.சி.ஏ.க்குச் சமமாக வைத்தார்கள். பரீட்சை கடினம், பாஸ் செய்தவர்கள் குறைவு. என் அபிப்பிராயத்தில் அந்தக் காலத்தில் வந்த திட்டங்களிலேயே நேர்மையானது அதுதான். எங்கே படித்தாய் என்று கேட்காது, தெரியுமா என்று மட்டும் கேட்கும். விளம்பரம் செய்ய ஆளில்லாததால் அதன் அருமை பலருக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு 1995. அந்த ஒரு வருஷத்தில் மூன்று விஷயம் நடந்தது. மார்ச் 1ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள் தொலைதூரக் கல்வியில் கொடுத்த, முறைப்படி அங்கீகாரம் பெற்ற பட்டங்கள் மத்திய அரசு வேலைக்குத் தாமாகவே செல்லும். அந்தச் செய்தி வந்த பேப்பரை வெட்டிப் பர்சில் வைத்துக்கொண்டு திரிந்த ஒருவர் எங்கள் ஆபீசில் இருந்தார். அதே வருஷம் விப்ரோ கம்பெனி பி.எஸ்ஸி. படித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, வேலை செய்துகொண்டே பிலானி பிட்ஸ் மூலம் எம்.எஸ். படிக்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆக, வேலையோடு சேர்ந்த படிப்பு ஏழைகளின் மாற்று வழி என்ற பேச்சு மாறிற்று; பெரிய கம்பெனியே அதைச் செய்கிறது! மூன்றாவது, டில்லியில் சுங்கத்துறை ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் தாக்கல் செய்யும் முறை ஆரம்பமானது. அது பிறகு ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்கும் வந்தது.

கட்டுக்கட்டாய்ப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்த கிளியரிங் கிளார்க்குகளுக்கு அது பெரிய இடி. "இனிமே நமக்கு என்னப்பா வேலை?" என்றார்கள். அந்த நேரத்தில்தான் தபாலில் படித்தவர்களுக்கு யோகம் அடித்தது. பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து வந்த பையனுக்குக் கோடு எழுதத் தெரியும், பில் ஆப் என்ட்ரியில் எந்தக் கட்டம் எதற்கு என்று தெரியாது. பழைய கிளார்க்குக்குக் கட்டம் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. இரண்டும் அரைகுறையாகவாவது தெரிந்தவன் தபால் எம்.சி.ஏ.க்காரன் ஒருவன்தான்! ஸ்டோர்ஸில் பின் கார்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள் சரக்கிருப்பு சாப்ட்வேருக்கு ஆளானதும் அப்படித்தான். பிறகு 2000ஆம் வருஷக் கோளாறு என்று உலகமே பதறியபோது, காலாவதி என்று எல்லோரும் சிரித்த கோபால் தெரிந்தவர்களுக்குத் திடீர் கிராக்கி.

இத்தோடு கதை சுபம் என்று முடித்தால் அது சினிமா. என் சொந்த அனுபவம் ஒன்று. ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். எல்லாச் சான்றிதழையும் பார்த்துவிட்டு அதிகாரி கேட்டார், "இது ரெகுலரா, கரெஸ்பாண்டன்ஸா?" சொன்னேன். "அப்படியா..." என்று இழுத்தார். அந்த இழுப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அந்தச் சிஸ்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

என்னுடையது சின்ன விஷயம். 2009ல் சுப்ரீம் கோர்ட், அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் ஆகஸ்டு 18ஆம் தேதி தமிழக அரசு அரசாணை 107 பிறப்பித்தது. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டங்கள் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படா. பிளஸ் டூ நம் மாநிலத்துக்கு வந்ததே 1978ல்தான். குடும்பக் கஷ்டத்தில் இளம் வயதிலேயே பள்ளியை விட்டு, துறைமுகத்திலோ மில்லிலோ வேலைக்குப் போய், நாற்பது வயதில் ஆசையாய்ப் பட்டம் வாங்கியவர்கள் கையில் அந்தக் காகிதம் வெறும் காகிதமாயிற்று. திறந்தநிலை என்று போர்டு மாட்டி அழைத்ததும் அரசு அமைத்த பல்கலைக்கழகங்கள்தானே? அழைத்துவிட்டு வாசலில் நிறுத்தியதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

2017 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்று தமிழ்நாட்டில் உள்ளது, அனுமதியில்லாமல் தபாலில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்களைக் கோர்ட் நிறுத்தி வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் பாஸ் செய்தால்தான் பட்டம் பிழைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுடையது செல்லாது. ஐம்பது வயதை நெருங்கியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மறுபடி படித்தார்கள், 2018ல் போய்ப் பரீட்சை எழுதினார்கள். ஏ.எம்.ஐ.இ.யும்கூட 2013 மே வரை பதிவு செய்தவர்களோடு மத்திய அரசு அங்கீகாரத்தை இழந்திருந்தது. பட்டறையைத் தொடாமல் இன்ஜினியர் ஆகலாமா என்ற கோர்ட்டின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பட்டறையிலேயே இருபது வருஷம் நின்றவனிடமும் அதே கேள்வியைக் கேட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதில் ஒரு விசித்திரம். அதே கம்ப்யூட்டர் பாடம்தான், "பி.டெக்." என்று பெயர் வைத்தால் தபாலில் கூடாது, "பி.சி.ஏ.", "எம்.சி.ஏ." என்று வைத்தால் அனுமதியோடு கொடுக்கலாம். நாங்கள் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை. பி.ஈ.யில் சேர வழியில்லாததால் எம்.சி.ஏ.யில் விழுந்தோம், அதனால் பிழைத்தோம்.

இப்போது பழுப்புப் பார்சல் இல்லை, பாடம் போனிலேயே வருகிறது. சென்னைக் கன்டெய்னர் முனையம் 2001ல் தனியார் கைக்குப் போனது; கேட்டில் கேமராவே நம்பரைப் படித்துவிடுகிறது. பேப்பரை வெட்டிப் பர்சில் வைத்திருந்தார் என்று சொன்னேனே, அந்த நண்பர் ரிட்டையர் ஆகி எண்ணூர் பக்கம் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழக்கம் போல டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே நின்ற பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டம் துருப்பிடித்து அழிந்திருந்தது. டீ ஆறுவதற்குள், "ஏழு" என்றார். லாரி நகர்ந்தபின் பின்பக்கக் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தோம். ஏழுதான்.